நாயகன் கையில் ஏன் சாவி?

பணக்காரப் பல்கலைக்கழகம், அதற்குள் ஒரு ரகசியச் சங்கம், முகமூடி, சத்தியப் பிரமாணம். டார்க் ரொமான்ஸ் நாவல்களுக்குப் பிடித்த களம் இது. சங்கத்தின் இளவரசன் நாயகியை மிரட்டுவான், கடத்துவான், கடைசியில் உருகுவான். எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் பெண்கள். படித்தால் கெட்டுப்போவார்கள் என்று பதறுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கதையில் பயப்படுவது வேறு, நிஜத்தில் பயப்படுவது வேறு என்று வாசகிக்குத் தெரியும். என் குறை ஒன்றுதான். சங்கத்துக்குள் நுழைய நாயகிக்கு நாயகனின் ஆசையைத் தவிர வேறு வழியே இந்தக் கதைகள் வைப்பதில்லை.

நடந்த கதை இதைவிடச் சுவையானது. யேல் பல்கலைக்கழகத்தில் 1832இல் தொடங்கிய ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ சங்கத்தில் ஒன்றரை நூற்றாண்டாகப் பெண்களே கிடையாது. 1991இல் மாணவர்கள் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்ததும், பழைய உறுப்பினர்கள் கட்டடத்தின் பூட்டையே மாற்றினார்கள். வாக்கெடுப்பு, நீதிமன்றம் என்று இழுபட்டுத்தான் கதவு திறந்தது. அதே காலத்தில்தான் இங்கே புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள், எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள்.

அதற்கும் வெகுகாலம் முன்பு, ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி இடம் கேட்டார். பெண் என்பதோடு, தாயார் தேவதாசி மரபினர் என்பதும் சிலருக்கு உறுத்தியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். இங்கேயும் ஒரு ராஜாதானே திறந்துவிட்டார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் முத்துலட்சுமி கேட்டது படிப்பை. 1912இல் மருத்துவராகி, பிறகு சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பெண்களைத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டு வழக்கத்துக்கே எதிராக நின்றார். எந்த டார்க் ரொமான்ஸ் நாயகி சங்கத்தின் விதியில் கைவைக்கிறாள்?

தமிழ்த் தொடர்கதைகளின் ‘ஆன்டி ஹீரோ’வுக்குச் சங்கம் தேவைப்படவில்லை. பெரிய வீடும் தொழிலும் போதும். பிரதிலிபி போன்ற தளங்களில் இந்த ரகம் பழகிப்போன ஒன்று. கடத்திக் கொண்டுபோய்க் கட்டாயத் தாலி கட்டுவான். அந்த நிமிடமே குற்றம் குடும்ப விவகாரமாகிவிடும். முகமூடிக்காரனை நம்ப அமெரிக்க வாசகி கொஞ்சம் கற்பனை செய்தாக வேண்டும். ஏனென்றால் மனைவி மீதான வன்புணர்வு அங்கே 1993 முதலே எல்லா மாநிலங்களிலும் குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நமது பாரதிய நியாய சன்ஹிதாவோ, மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் கணவனுக்கு விலக்கு அளிக்கிறது. தாலி கட்டியதும் கேள்வி கேட்காமல் நகர்ந்துவிடும் நம் எழுத்தாளர்கள், அந்த விலக்கைத்தான் கதையின் சுபமுடிவாக்குகிறார்கள்.