மடியும் மறதியும்

வள்ளுவப் பேராசான் மறதியைக் கடியப் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். சோம்பலைக் கடிய 'மடியின்மை' என வேறோர் அதிகாரம் வகுத்தார். முன்னது 54ஆவது, பின்னது 61ஆவது. இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் கண்ட தெளிவு. நாமோ வகுப்பறையில் இரண்டையும் ஒன்றெனக் கொண்டே மாணவரை எடைபோட்டு வருகிறோம். மடியின்மையில் மறதியும் பேசப்படுகிறதே எனத் துறை நண்பர் ஒருவர் இடைமறிப்பார். ஆம், அங்கும் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், உறக்கம் என நான்கையும் தனித்தனியே எண்ணித்தான் சொல்கிறார். அன்றியும், பொச்சாப்பு என அவர் கடிவது மகிழ்ச்சிச் செருக்கால் வரும் மறதியை. நாம் ஈண்டுப் பேச விழைவது இவ்விரண்டிலும் அடங்காத மற்றொன்றை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் ஒரு மாணவர் பயின்றார். சீறாப்புராணப் பாடலொன்றைக் கேட்டால் ஏட்டைப் பாராமலே சொல்லிப் பொருளும் விரிப்பார். தேர்வுத்தாளிலோ முதல் வினாவுக்கு எட்டுப் பக்கம் இருக்கும். எஞ்சிய பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கும். ஒப்படைப்புக் கட்டுரைக்கு மும்முறை தவணை தந்தோம், வரவில்லை. நூலகத்தில் நான்கு நூல்களை விரித்து வைத்துக்கொண்டு ஐந்தாவதைத் தேடி எழுந்து போவார். அவரைக் குறித்துப் பதிவேட்டில் நாம் எழுதிய வரி இது: 'திறமை உண்டு, முயற்சி இல்லை.' மூன்றாம் ஆண்டில் அவர் வருகை நின்றது. அவருடைய மூத்த சகோதரி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பின்னரே, அது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு என்பது தெரிந்தது. அந்த ஒரு வரியை எண்ணி இன்றளவும் நாணுகிறோம்.

"கைபேசி வந்தபின் எல்லோருக்கும் இதே நிலைதானே?" எனப் பெரியோர் கேட்பது இயல்பு. கைபேசி நம் அனைவரையும் சிதறடிப்பது உண்மையே. ஆனால் இக்குறைபாடு கைபேசிக்கு மிக மூத்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹாஃப்மன் 1840களில் வெளியிட்ட சிறுவர் நூலில், உணவு மேசையில் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் விரிப்போடு எல்லாவற்றையும் கவிழ்க்கும் பிலிப் என்ற சிறுவன் வருகிறான். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கில மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கியாள இயலாத குழந்தைகளைப் பற்றி லண்டனில் பேருரை ஆற்றினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வகுத்த நெறிப்படி, இதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் ஆகியவற்றுள் ஒன்றில் மட்டுமன்றிப் பலவிடத்தும் காணப்படல் வேண்டும். வாழ்வை இடர்ப்படுத்தவும் வேண்டும். நேற்று வாங்கிய கைபேசியால் வருவதன்று இது. பெரும்பாலும் குடிவழியாக வருவது, வளர்ப்பின் பிழையன்று. தாய்மாரைக் குறை கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது வேறொன்று. "மட்டைப்பந்து என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் பார்க்கிறானே, பாடம் என்றால்தானே நோய்?" என்பர். நாமும் அவ்வாறே கூறியவர்தாம். ஏரியில் நீர் இல்லை என்பதன்று இவர்தம் குறை. மதகு அவர் கைவசம் இல்லை. விருப்பம், புதுமை, உடனடி நெருக்கடி இவற்றுள் ஒன்று வந்தால் கவனம் கரை புரண்டு ஓடும். 'இது தேவையானது' என்ற அறிவு மட்டும் மதகைத் திறக்கப் போதவில்லை. ஆகவேதான் இவர்கள் தேர்வுக்கு முந்திய இரவில் ஒரு நூலை முழுதும் படித்துவிடுகின்றனர். முப்பது நாள் தவணையில் ஒரு பக்கமும் எழுதுவதில்லை. அவர்தம் மனத்தில் காலம் 'இப்போது', 'இப்போதன்று' என இரண்டே கூறாய் நிற்கிறது. மாதக் கடைசி என்பது இரண்டாம் கூற்றில் எங்கோ கிடக்கிறது.

இதனை உணர்ந்தால் செய்யவேண்டியதும் புலப்படும். மனத்துள் நில்லாததை மனத்துக்குப் புறத்தே நிறுத்த வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன பணி காற்றோடு போகும். கரும்பலகையில் எழுதிய பணி நிற்கும். கண்ணெதிரே ஒரு கடிகாரம், இருபது இருபத்தைந்து நிமிடப் படிப்பு, பிறகு எழுந்து நடத்தல், மீண்டும் அமர்தல். கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடப்பது போதாது. அடுத்த அறைக்குப் போக வேண்டும். 'கட்டுரை எழுதுதல்' என்று குறிப்பேட்டில் எழுதுவதால் பயனில்லை. 'முதற்பத்திக்கு மூன்று வரி' என்று எழுதினால் கை அசையும். துணையிருப்பும் நன்கு உதவுகிறது. அருகில் ஒருவர் தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டு அமைதியாய் அமர்ந்திருந்தாலே இவர்கள் வேலையும் நடக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் கூடியிருந்து ஓதியதில் இப்பயனும் இருந்திருக்கும் போலும். (சட்டாம்பிள்ளையின் பிரம்பை நாம் பரிந்துரைக்கவில்லை.) பணியில் அமர்ந்தோருக்கும் இவையே பொருந்தும். கணக்குப் பிரிவில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், மேலாளர் வாயால் சொல்லும் ஒவ்வொன்றையும் அங்கேயே சிறு ஏட்டில் எழுதித் திரும்பப் படித்துக் காட்டுகிறார். முதலில் நகைத்த மேலாளர் இப்போது அந்த ஏட்டையே கேட்டு வாங்கிப் பார்க்கிறாராம்.

மருந்தும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்செடின் முதலியன பலருக்கு நற்பயன் தருகின்றன. ஆயின் மருத்துவர் தேர்ந்து தரவேண்டியவை அவை. தேர்வுக் காலத்தில் நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்குவது கேடு.

மாணவியரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஓடியாடும் சிறுவன் கண்ணில் படுகிறான். சன்னலோரம் ஓசையின்றிக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்ணை எவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. 'அமைதியான பிள்ளை' என்று பாராட்டி அனுப்பிவிடுகிறோம். வரன் பார்க்கும்போது குறையாகிவிடும் என அஞ்சி மறைக்கும் வழக்கமும் நம் குடும்பங்களில் உண்டு. மறைத்ததனால் அவள் பெறுவது 'பொறுப்பற்றவள்' என்ற பெயர்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனிப்பெயரில் இல்லை. பருவத்தேர்வில் கூடுதல் நேரம் பெறுவது எளிதன்று. அது மாற நாளாகலாம். அகமதிப்பீடோ துறையின் கையில் இருப்பது. இறுதி நாளில் இருபது பக்கம் கேட்பதை விடுத்து, முதல் வாரம் தலைப்பு, அடுத்து நூற்பட்டியல், அதன்பின் வாரந்தோறும் மூன்று பக்கம் எனக் கேட்கலாம். இதற்குச் சட்டம் வேண்டா, பொருட்செலவும் இல்லை. சலுகை எனச் சிலர் முணுமுணுப்பர், எல்லா மாணவர்க்கும் இதையே வைத்தால் அம்முணுமுணுப்பும் இராது. விடுதியில் மாலை ஏழு முதல் ஒன்பது வரை பேச்சும் கைபேசியும் இல்லாத ஓர் அறையை ஒதுக்குமாறு நிருவாகப் பெரியோரையும் வேண்டுகிறோம்.

நாம் குறிப்பிட்ட அம்மாணவர் சென்ற மாதம் துறைக்கு வந்திருந்தார். இரண்டு தாள்கள் இன்னும் எழுத வேண்டியுள்ளன. விண்ணப்பப் படிவத்தை வாங்கிச் செல்ல வந்தாராம். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம், இங்கேயே அமர்ந்து நிரப்புங்கள் என்றோம். அவர் எழுதி முடிக்கும்வரை எதிர் இருக்கையில் நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம்.