வேலி எவருக்கு? பயிர் எவருடையது?

"இடரை ஏற்பவனுக்கே இலாபம் உரியது" என்னும் வாக்கியம் படித்தோர் மத்தியில் இன்று வேதவாக்காக உலவுகின்றது. வணிகம் பயில்வோர் மாத்திரமன்றிப் பிற துறை மாணவரும் அதனை ஐயமின்றி ஒப்புவிக்கின்றனர். ஹெட்ஜ் நிதியம் எனப்படும் முதலீட்டு அமைப்பு இவ்வாக்கியத்தின் உச்ச வடிவமாகப் போற்றப்படுகின்றது. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்புகளும் அரசாங்க முறிகளில் முடங்கிக் கிடவாது, கூடிய இலாபந் தரும் இத்தகைய துறைகளில் இறங்குதல் வேண்டும் என வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தின் பொய்ம்மையை விளங்கிக்கொள்ள வோல் வீதிவரை போகவேண்டியதில்லை. பெரகலைச் சந்திவரை போனாற் போதும்.

கொழும்பிலிருந்து வரும் நெடுஞ்சாலை பெரகலையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கி ஏறுகின்றது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இவ்விரு வழிகளையுஞ் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி பங்குச் சந்தையைக் கண்டவளல்லள். ஆயினும் அவள் ஒரு முதலீட்டாளர். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தைக் கணக்கிற் கொண்டால், ஊழியர் சேமலாப நிதிக்கென அவளது சம்பளத்திலிருந்து 8 வீதமாக 108 ரூபாவும், தோட்ட நிர்வாகத்திடமிருந்து 12 வீதமாக 162 ரூபாவும் ஒவ்வொரு பேருக்கும் சேர்கின்றன. லயத்தில் "ஈ.பி.எப். காசு" என வழங்கும் இத்தொகை மத்திய வங்கியின் முகாமையிற் சென்று, பெரும்பாலும் திறைசேரி முறிகளாக மாறுகின்றது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்களுள் அவளும் ஒருத்தி. அக்கடனைக் கொடுக்கலாமா, வேண்டாமா என அவளை எவருங் கேட்டதில்லை.

இனி ஹெட்ஜ் நிதியத்தை நோக்குவோம். ஹெட்ஜ் என்னும் ஆங்கிலச் சொல் வேலியைக் குறிப்பது. 1949இல் அமெரிக்காவில் அல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் ஒரு இலட்சம் டொலர் மூலதனத்துடன் தொடங்கிய நிதியமே இவ்வகையின் முன்னோடி எனக் கொள்ளப்படுகின்றது. விலை ஏறும் எனக் கருதிய பங்குகளை அவர் கடன்பட்டும் வாங்கினார். விழும் எனக் கருதிய பங்குகளை இரவல் பெற்று விற்று, விலை வீழ்ந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தார். சந்தை ஏறினும் இறங்கினும் முதலுக்குச் சேதம் வராது காத்தலே இவ்வேலியின் நோக்கமாயிருந்தது. காலப்போக்கில் வேலி மறைந்து சூதே மிஞ்சியது. செல்வர்களும் பெரு நிறுவனங்களுமே இதில் சேரலாம். நிதியத்தை நடத்துவோர் மூலதனத்தில் ஆண்டுக்கு 2 வீதத்தையும், கிடைக்கும் இலாபத்தில் 20 வீதத்தையும் கட்டணமாகப் பெறுதல் நெடுநாள் வழக்கமாயிற்று. இலாபம் வந்தால் அவர்களுக்குப் பங்குண்டு; நட்டம் வந்தால் அதிற் பங்கில்லை.

இதன் நன்மைகளை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அமெரிக்காவின் முன்னணி 500 கம்பனிகளின் பங்குகள் 37 வீதம் வீழ்ச்சியுற்றவேளை, ஹெட்ஜ் நிதியங்களின் சராசரி வீழ்ச்சி ஏறத்தாழ 19 வீதமாகவே இருந்தது. மழைக்காலத்தில் குடை ஓரளவு உதவியது என்பது உண்மையே. ஆனால் அக்குடைக்கு வெயிற்காலம் முழுவதும் கொடுத்த வாடகை எவ்வளவு? முதலீட்டாளர் வொரன் பபெட் இக்கேள்வியைப் பந்தயமாகவே வைத்தார். 2008 முதல் 2017 வரையான பத்தாண்டுகளில், எவ்விதச் சாமர்த்தியமுமின்றிச் சந்தைச் சுட்டெண்ணைப் பின்பற்றிய நிதியம் ஆண்டுக்குச் சராசரி 7.1 வீதம் ஈட்டியது. ஹெட்ஜ் நிதியங்களில் முதலிட்ட, தேர்ந்தெடுத்த ஐந்து நிதியங்கள் சராசரி 2.2 வீதமே ஈட்டின. அமெரிக்காவின் மிகப் பெரிய அரச ஓய்வூதிய நிதியமாகிய கலிபோர்னியா ஊழியர் நிதியம், சிக்கலும் செலவும் மிகுதி எனக் கூறி, தான் ஹெட்ஜ் நிதியங்களில் இட்டிருந்த ஏறத்தாழ 400 கோடி டொலரைத் திரும்பப் பெறுவதென 2014இல் தீர்மானித்தது. நிபுணர்களை விலைக்கு வாங்கும் வசதி படைத்த நிதியமே விலகிய துறைக்குத் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பை அனுப்பச் சொல்வோர் எவருடைய நலன் கருதி அவ்வாறு சொல்கின்றனர்?

நிபுணத்துவமே இடரை வெல்லும் என்பாருக்கு 1998ஆம் ஆண்டு தக்க விடையளித்தது. 1994இல் தொடங்கப்பட்ட லோங் டேர்ம் கப்பிட்டல் மனேஜ்மன்ட் என்னும் நிதியத்தின் பங்காளருள் மேர்ட்டன், ஷோல்ஸ் என்னும் இருவர் 1997இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றவர்கள். பரிசு பெற்ற மறு ஆண்டில், ரஷ்யா கடனைச் செலுத்தத் தவறியதும், அவர்களது நிதியம் சில மாதங்களுள் ஏறத்தாழ 460 கோடி டொலரை இழந்தது. அதன் வீழ்ச்சி முழு நிதிச் சந்தையையும் இழுத்து விழுத்திவிடும் என அஞ்சிய நியூயோர்க் மத்திய வங்கி, 14 நிதி நிறுவனங்களைக் கூட்டி, ஏறத்தாழ 360 கோடி டொலரில் மீட்பொன்றை ஒழுங்குசெய்தது. தோற்ற சூதாடிக்குக் கைகொடுக்கப் பெருவங்கிகள் திரண்டன. வங்குரோத்தான சிறு வியாபாரிக்காக எவர் திரண்டனர்?

தமிழர் பெருமை பேசுவோர் இங்கு கலியன் நிதியத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1957இல் கொழும்பிற் பிறந்த ராஜ் ராஜரத்தினம் 1997இல் தொடங்கிய இந்நிதியம், உச்ச நிலையில் ஏறத்தாழ 700 கோடி டொலரைக் கையாண்டது. "ஒரு தமிழர் வோல் வீதியை வென்றார்" என மார்தட்டியோர் பலர். 2009 ஒக்டோபரில் அவர் கைதானார். கம்பனிகளின் உள் இரகசியங்களைப் பெற்றுப் பங்கு வியாபாரஞ் செய்தமை தொடர்பான 14 குற்றச்சாட்டுகளிலும் 2011 மே மாதத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு தனிமனிதரின் வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வதற்காக இது இங்கு கூறப்படவில்லை. சந்தையை வெல்லும் "அறிவு" என விற்கப்படுவது சிலவேளை பிறருக்கு மறைக்கப்பட்ட செய்தி மாத்திரமே என்பதை நீதிமன்றமே பதிவுசெய்தது என்பதே கருதற்பாலது. வெற்றியை இனப் பெருமையாகக் கொண்டாடியோர் அவ்வெற்றியின் வழியை அன்று விசாரித்தனரா?

வீழ்ச்சியில் ஆதாயந் தேடும் இவ்விளையாட்டு ஊவாவுக்குப் புதியதன்று. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது 1869இல், ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலேயே. கோப்பியை நம்பிக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. அவ்வேளை ஆளுநர் ஆதர் கோர்டன் வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கப் பிணை வழங்கினார். தாள் வைத்திருந்தோர் காப்பாற்றப்பட்டனர். தோட்டம் மூடிக் கூலிப் பாக்கியை இழந்த தொழிலாளரிடம் காப்பாற்றத் தாளேது? ஆறாண்டுகளின் பின், 1890இல் தோமஸ் லிப்டன் வந்து, விலை வீழ்ந்து கிடந்த தோட்டங்களை மலிவாக வாங்கினார். ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னை அவற்றுள் ஒன்று. அவர் அமர்ந்து தோட்டத்தைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் மலைமுகடு இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் இடம். வீழ்ந்தவனின் சொத்தை வாங்கியவருக்கு மலையுச்சியில் ஆசனம் கிடைத்தது. அதே மலையில் தேயிலை நட்டவருக்கு லயக் காம்பரா கிடைத்தது.

பெயர் மாறினும் முறை மாறவில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 ஆண்டு முறிகளை 100 கோடி ரூபாவுக்கு ஏலமிடுவதாக அறிவித்து, 1,000 கோடிக்கு விண்ணப்பங்களை ஏற்றது. பின்னர் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு, தனியார் முறி வியாபார நிறுவனமொன்று 1,100 கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட இலாபம் ஈட்டியதையும், ஊழியர் சேமலாப நிதி உள்ளிட்ட அரச நிறுவனங்கள் 850 கோடி ரூபாவுக்கும் மேல் இழந்ததையும் கணக்கிட்டது. இலாபத்தைக் கண்டவர் கொழும்பில் இருந்தார். இழந்தவருட் பலர் தாம் இழந்ததையே அறியார்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அளித்த வட்டி 9 வீதம். சேமிப்பின் பெறுமதி அரிசி வாங்கும் கையிலேயே கரைந்தது. 2023 யூலை முதலாந் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தபோது, சேமலாப நிதியின் பழைய முறிகள் 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்படவேண்டியவாயின. மறுத்தால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்பது நிபந்தனை. வங்கிகளின் முறிகளோ, அவை ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன எனக் காரணங்காட்டித் தவிர்க்கப்பட்டன. அங்கத்தவருக்கு 9 வீத வட்டி குறையாது என அரசாங்கம் உறுதியளித்தது மெய்யே. ஆயினும் கழுத்தில் வரியை வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயரா?

வெளிநாட்டு முறிகாரரின் கதை வேறு. ஒரு டொலர் முகப்பெறுமதியுள்ள இலங்கை முறி 30 சதத்துக்குங் கீழே விலைபோன நாட்கள் 2022இல் இருந்தன. இவ்வாறு வீழ்ந்த முறிகளை மலிவாக வாங்கி உயர்ந்த விலை கோருதல் ஒருவகை ஹெட்ஜ் நிதியங்களின் தனித்தொழில். உலகம் அவற்றைப் பிணந்தின்னிக் கழுகுகள் என அழைக்கின்றது. ஆர்ஜென்டினாவின் முறிகளை அவ்வாறு வாங்கிய எலியட் நிதியத்தின் கிளை நிறுவனம், 2012இல் கானாத் துறைமுகத்தில் அந்நாட்டுக் கடற்படைக் கப்பலையே தடுத்துவைக்கச் செய்தது; 2016இல் ஏறத்தாழ 240 கோடி டொலருக்கு இணங்கியது. இலங்கை 2024 டிசெம்பரில் முடித்த பரிமாற்றத்தில் முறிகளின் முதலில் 27 வீதம் கழிக்கப்பட்டது. பெருந் தியாகமாகத் தோன்றும் இக்கழிவு, 30 சதத்துக்கு வாங்கியவருக்கு 73 சத முகப்பெறுமதியுள்ள புதிய முறியாகும். அன்றியும், நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததினும் வளர்ந்தால் அவர்களுக்குக் கொடுப்பனவு கூடும் என்னும் விதியும் புதிய முறிகள் பலவற்றில் எழுதப்பட்டுள்ளது.

நாடு வளர்ந்தால் முறிகாரருக்கு மேலதிகம் உண்டு. கொழுந்தெடுப்பவளின் சம்பளச் சீட்டில் அத்தகைய விதி எங்கே? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை, ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னரே 2021இல் வர்த்தமானியில் ஏறியது.

எனவே, "இடரை ஏற்பவனுக்கே இலாபம்" என்னும் வாக்கியம் உண்மையன்று. அது உண்மையாயின், வேலையிலும் விலைவாசியிலும் சேமிப்பிலும் இடரையே சுமந்துவரும் பெரகலைத் தொழிலாளி இந்நாட்டின் பெருஞ் செல்வராயிருத்தல் வேண்டும். இடர் ஒரு சாராரிடமும் இலாபம் மறுசாராரிடமும் சென்றடையும்படி சட்டமும் ஒப்பந்தமும் வரையப்பட்டுள்ளன என்பதே நடைமுறை. செல்வர் தம் பணத்தை வைத்து ஹெட்ஜ் நிதியத்தில் ஆடுவதும் தோற்பதும் அவரவர் விருப்பம். உழைப்பாளியின் முதுமைக்குரிய பணத்தை அவ்வாட்டத்தில் இறக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அரசாங்க முறியும் ஆபத்தற்றதன்று என்பதை 2023 காட்டிவிட்டது. ஆதலால் ஹெட்ஜ் நிதியம் மேல் என முடிவுகட்டுவது, ஒழுகும் கூரையை வேயாது வீட்டையே சூதில் வைப்பதை ஒக்கும். வேண்டுவது வேறு. சேமலாப நிதியின் முதலீட்டுத் தீர்மானங்களில் அங்கத்தவரின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை வேண்டும். எங்கு, என்ன விலைக்கு, எவரிடமிருந்து வாங்கப்பட்டது என்னும் கணக்கு, தொழிலாளி படிக்கக்கூடிய தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் தோட்டத்துக்கு வந்து சேரவேண்டும். தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்குக் குரல்கொடுப்பதோடு அமையாது, கழிக்கப்படும் தொகையின் பயணத்தையும் பின்தொடர வேண்டும்.

அக்கணக்கை வாசித்துச் சொல்லும் கடமை பல்கலைக்கழகம் வந்த மலையகப் பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களுட் பலரது படிப்புச் செலவு, தாயாரின் ஈ.பி.எப். காசிலிருந்தோ, கொழுந்துக் கூடையிலிருந்தோ வந்ததே. வேலி பயிரை மேய்கின்றபோது, பயிருக்குரியவள் முதலிற் கேட்கவேண்டியது வேலியை நட்டவன் எவன் என்பதையே. அவள் கேட்பதற்கு வேண்டிய சொற்களை அவளது மொழியிற் கொண்டு கொடுத்தல் கற்றோர் கடன்.