பிரசவ வீட்டுக்குச் சுறாப்புட்டு... பாதரசம் பற்றியும் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாமா?

குழந்தை பிறந்த வீட்டில் சுறாப்புட்டு மணக்காத கடற்கரை ஊர் உண்டா? மீமிசல் பக்கம் மட்டுமில்லை, நம்ம கடலோரம் முழுக்கவே ‘தாய்ப்பால் ஊறும்’னு பால்சுறாவைத் தேடி வாங்குவாங்க. அந்தப் பாசத்தில் குறையில்லை. ஆனால், வாங்குவதற்கு முன் இதைப் படிச்சிடுங்க.

“பாதரசமா? அது ஃபேக்டரி சமாச்சாரமாச்சே!” என்று தோன்றலாம். உண்மைதான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. உடல்நலம் கெட்டதாகப் போராடிய 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் 2016-ல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. அங்கே கவலை, மூச்சு வழியே போகும் பாதரச ஆவி. இங்கே தட்டு வழியே வருவது.

எப்படி? நிலக்கரி எரிக்கும்போது வெளியேறும் பாதரசம் கடலிலும் சேர்கிறது. நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியிலிருந்து சின்ன மீன், அதிலிருந்து பெரிய மீன் என ஒவ்வொரு படியிலும் அதன் அளவு கூடுகிறது. உச்சியில் இருப்பது சுறா.

மூளைக்குள் கண்டதும் நுழையாமல் ரத்தக்குழாய்ச் சுவரே காவல் காக்கும். மெத்தில் பாதரசமோ, மூளைக்குத் தேவையான ஓர் அமினோ அமிலம் மாதிரி வேஷம் போட்டு உள்ளே போயிடும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாக சுமார் 50 நாள்கள் ஆகும். மூளையிலோ ஒரு பகுதி கனிமப் பாதரசமாக மாறி, வருஷக்கணக்கில் தங்கிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனை சொல்வது சமீபத்திய கதையை மட்டும்தான்.

வளரும் மூளைக்குத்தான் ஆபத்து அதிகம். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்த நோய் இதைக் காட்டியது. ஆலைக்கழிவு கலந்த கடலின் மீனைச் சாப்பிட்ட தாய்மார்கள் சிலருக்குப் பெரிய அறிகுறியே இல்லை. அவர்களின் குழந்தைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள்.

நம்ம கடல் மினமாட்டா இல்லை. ஒருநாள் புட்டு சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். ஆனால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. பால்சுறா, சுறாக்களில் சின்னதுதான். இருந்தாலும் மீன் தின்னும் மீன்.

மீனையே விட்டுடாதீங்க. குழந்தையின் மூளைக்கு ஒமேகா 3 வேணும். மத்தி, நெத்திலியில் அது நிறைய, பாதரசம் குறைவு, விலையும் கம்மி.

அடுத்த முறை “அப்பத்தா, நெத்திலிக் குழம்பு வைங்க”ன்னு கேட்டுப் பாருங்க. பாசம் குறையாது!