ஒரு வாழைப்பழம் போதாது

'தினம் ஒரு வாழைப்பழம் தின்றால் போதும், பொட்டாசியத்துக்கு வேறெதுவும் வேண்டாம்' என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். கணக்கு ஒத்துவரவில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுத்தரப் பழத்தில் இருப்பது ஏறத்தாழ 400. மீதியை யார் தருவது? 100 கிராம் வடித்த சோறு தருவது சுமார் 35தான்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. அதையே ஆலையில் அரைத்து, கழுவி, மாவைப் படியவைத்து ஜவ்வரிசியாக்கினால் மிஞ்சுவது பத்துப் பதினொன்று! கிழங்கை மூட்டையோடு விற்றுவிட்டு, பிள்ளைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. கேழ்வரகுக் களியும் கொள்ளும் முருங்கைக்கீரையும் தட்டுக்குத் திரும்பினால் கணக்கு தானே ஏறும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்; மருத்துவர் சொல்வதுதான் அளவு. மற்றவர்கள், கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அதில் இறங்கியிருக்கிறது.