மடவையின் வாசலை மூடலாமா?

ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய்நீரை ஊற்றி, அதில் ஒரு கோழிமுட்டையை மெல்ல விடுங்கள். முட்டை அடியில் அமரும். நீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வாருங்கள். ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி மிதக்கும். உப்பு கூடக் கூட நீரின் அடர்த்தி கூடுவதே இதற்குக் காரணம். பௌதிக ஆசிரியன் மீனைப் பற்றி எழுத வந்து, முட்டையில் தொடங்குவானேன் என்கிறீர்களா? பழவேற்காடு ஏரியின் மடவை மீனுக்கும் இச்சோதனைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சென்னைக்கு வடக்கே தொடங்கி ஆந்திரத்துக்குள் விரியும் இவ்வேரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் இதற்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடல் உப்புநீரைத் தருகிறது. எனவே மழைக்காலத்தில் ஏரியின் உப்பு வெகுவாகக் குறையும், கோடையில் மிகும்.

இந்த மாற்றத்தை மடவை எளிதில் தாங்குகிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் சவ்வூடு பரவலால் அதன் உடல்நீர் வெளியேறும். அதை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரிலோ நீர் உடலுக்குள் புகும். அதை நீர்த்த சிறுநீராகக் கழிக்கிறது. சேற்றில் படிந்த நுண்பாசிகளையும் மட்கிய பொருள்களையும் மணலோடு விழுங்கி, கோழிக்கு இருப்பது போன்ற தசைமிக்க அரைவைப்பையில் அரைத்துக்கொள்கிறது. ஆழமற்ற ஏரி அதற்கு நல்ல உணவுக்கூடம்.

ஆனால் அங்கே அது முட்டையிடுவதில்லை! எண்ணெய்த்துளி கொண்ட அதன் முட்டைகள் கடல்நீரில் மிதக்கும். உப்புக் குறைந்த நீரில் அமிழ்ந்துவிடும். ஆகவே முதிர்ந்த மடவை கடலுக்குச் செல்கிறது. அங்கு பொரித்த குஞ்சுகள் சுமார் 2 செ.மீ. வளர்ந்தபின் ஏரியை நாடி வருகின்றன. போவதும் வருவதும் முகத்துவாரம் என்னும் வாசல் வழியாகத்தான்.

மீன் குறைந்தால், மீனவர்கள் அளவின்றிப் பிடிப்பதே காரணம் என்கிறோம். சிறுகண் வலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும், யார் எந்நாளில் எங்கே வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறைவைப்பால் தாங்களே வகுத்துக்கொண்டவர்கள் அம்மீனவர்கள். வாசல் அடைபட்டால் அவர்களுடைய கட்டுப்பாடு என்ன பயன் தரும்?

வாசல் ஏன் அடைபடுகிறது? அலைகள் கரையோரமாக மணலை ஓயாமல் நகர்த்துகின்றன. ஏரிக்குள் ஏறி இறங்கும் ஓதநீரும், ஆற்று வெள்ளமும் வேகமாகப் பாய்ந்தால் அம்மணல் அரித்துச் செல்லப்படும். ஏரியில் வண்டல் சேர்ந்து, நீர் கொள்ளும் பரப்பு குறைந்தால், போய்வரும் நீரின் அளவும் குறையும். வேகம் தளர, மணல் படியும், வாய் குறுகும். வாய் குறுகினால் நீரோட்டம் மேலும் தளரும். இது ஒரு நச்சுவட்டம்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். 1999-2000இல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, 2001-02இல் 11,000 டன்னைத் தாண்டியது. வாசலின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

எனினும், மணலை வெட்டுவது மருந்து மட்டுமே. வண்டல் ஏரியை நிரப்பாமல் காப்பதும், ஆற்றுநீர் ஏரியை எட்டச் செய்வதும்தான் நிலையான வழி என்பது என் கருத்து. இவற்றை விடுத்து மீனவரை மட்டும் குறைகூறுவது முறையாகாது.

ஆறு கடலில் கலக்கும் இடம் உங்கள் ஊரருகே உண்டா? பெரியவர்கள் துணையோடு கோடையில் ஒருமுறையும், மழைக்காலத்தில் ஒருமுறையும் சென்று, அதன் வாய் எவ்வளவு அகலம் எனக் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் தொடர்ந்தால், அக்குறிப்பேடு உங்கள் ஊர் மீன்களின் வரலாறாகவும் அமையும்.