அரை மதிப்பெண்ணில் எங்கே இருக்கிறது தகுதி?

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் காலத்தில் ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒரே கல்லூரி, ஒரே பாடப்பிரிவு. பொதுப்பிரிவின் கட்-ஆஃப் இவ்வளவு, பட்டியல் சாதியினரின் கட்-ஆஃப் இவ்வளவு. கூடவே 'தகுதி செத்துவிட்டது' என்று ஓர் ஒப்பாரி. அதை அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் அரை குறையும். நெரிசலான இடத்தில் அந்த அரைக்குள் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள். அரசுக் கல்லூரியா, கடன் வாங்கிப் படிக்கும் தனியார் கல்லூரியா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த 30-ஐ அப்படியே அள்ளிக் கொடுக்கும் பள்ளிகள் எவை என்று ஊருக்கே தெரியும். நான் படித்த அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் டிசம்பரில்தான் வந்தார். அகமதிப்பீட்டில் வருகைப் பதிவுக்கும் பங்குண்டு. அப்பாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போன என் வகுப்புத் தோழன் அதிலும் இழந்தான். விடைத்தாளில் கூட்டல் பிழை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நகலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், மறுமதிப்பீட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அவன் கட்டவில்லை.

இருவர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் கணக்கு, பிறகு இயற்பியல், அடுத்து விருப்பப் பாடம் என்று பார்க்கிறார்கள். மதிப்பெண்கள் எல்லாமே சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றென்றால் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண், அதாவது குலுக்கல். ஓர் எல்லைக்கு மேல் மதிப்பெண்ணால் ஆளைப் பிரிக்க முடியாது என்று விதியே ஒப்புக்கொள்கிறது. பத்து நாள் முன்னால் பிறந்தவன் என் இடத்தைப் பறித்துவிட்டான் என்று யாராவது பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்களா? சாதிச் சான்றிதழோடு வருகிறவர்மீது மட்டும்தான் அந்தக் கோபம்.

பட்டியலில் இன்னொரு மோசடியும் உண்டு. பொதுப்பிரிவின் 31 விழுக்காடு முன்னேறிய சாதியாரின் ஒதுக்கீடு அல்ல, எல்லோருக்குமான போட்டி. நம் பிள்ளைகள் அதிலும் இடம் பிடிக்கிறார்கள். சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகளின் 35 விழுக்காடு நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ, குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கையில் காசும் போதும். அந்தக் கட்-ஆஃபை நான் எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

69 விழுக்காட்டை இழுத்து மூடச் சொல்லிச் சட்டம் பேசுகிறவர்களோடு வாதாட நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அரசிடம் கேட்பது சின்ன விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விடைத்தாள் நகலையும் மறுமதிப்பீட்டையும் இலவசமாக்குங்கள். மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் பணியிடங்களை ஜூன் மாதத்திலேயே நிரப்புங்கள்.