டிரைவரோ, ஆயாவோ உங்கள் காரை ஓட்டினால் இன்ஷூரன்ஸ் செல்லுமா? 50 ரூபாயில் தவறவிடும் பாதுகாப்பு!

பிள்ளைகளை ஸ்கூலில் விடணும், பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இதற்கெல்லாம் மாதச் சம்பள டிரைவர்தான் கைகொடுக்கிறார். சில வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரே லைசென்ஸ் எடுத்து காரையும் ஓட்டுகிறார். ஆனால், இன்ஷூரன்ஸ் இருப்பது உரிமையாளர் பெயரில். அப்போ, அவர்கள் ஓட்டும்போது விபத்து நடந்தால் என்ன ஆகும்?

பெயரைச் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுப் பணியாளர் காரை வழக்கமாக ஓட்டுகிறார் என்றால், அவரது பெயரை பாலிசியில் சேர்க்கச் சொல்வார்கள். இந்தியாவில் பாலிசி காரோடு போகிறது. உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சாலையில் அடிபட்டவருக்கான மூன்றாம் நபர் இழப்பீடு கிடைக்கும். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் காரின் சேதத்துக்கும் கிளெய்ம் செய்யலாம்.

லைசென்ஸ் இல்லை என்றால்?

இங்கேதான் சிக்கல். லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்தால், கார் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படும். அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமே வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அதே நேரம், உரிமையாளருக்குத் தெரியாமல் லைசென்ஸ் போலியாக இருந்தால் அவரைத் தண்டிக்க முடியாது. உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால், வேலைக்குச் சேர்க்கும்போதே ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். பரிவாஹன் தளத்தில் லைசென்ஸ் எண், பிறந்த தேதியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு மட்டும் வரும் ஆக்டிங் டிரைவருக்கும் இதே விதிதான்.

டிரைவருக்கே அடிபட்டால்?

பலரும் யோசிக்காத கேள்வி இது. பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்கலாம். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் தொகை, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட கிடையாது.

ஆனால், வேலை நேரத்தில் பணியாளருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கொடுக்கும் சட்டப் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. இறப்பு என்றால் கணக்கு இப்படிப் போகும்: மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கான காரணி 184.17. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 40 வயது டிரைவர் என்றால் 7,500 x 184.17. அதாவது, சுமார் 13.81 லட்சம் ரூபாய்!

இந்தப் பொறுப்பை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றிவிட பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. டிரைவருக்கு என்றால் ஐ.எம்.டி 28. டிரைவர் அல்லாத பிற பணியாளர்கள், அதாவது காரில் பயணிக்கும் அல்லது காரை ஓட்டும் ஆயா போன்றவர்களுக்கு ஐ.எம்.டி 29. பிரீமியம் பொதுவாக ஒருவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய், வரி தனி. இதிலும் பெயர் குறிப்பிடத் தேவையில்லை என்பதால், நடுவில் டிரைவர் மாறினாலும் கவலையில்லை. யாருக்கு, எவ்வளவு சம்பளம் கொடுக்கிறீர்கள் என்ற பதிவு மட்டும் இருக்க வேண்டும். சம்பளத்தை யு.பி.ஐ-யில் அனுப்பினாலே அதற்கு ஆதாரம் ஆகிவிடும்.

டிரைவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க ஐ.எம்.டி 17 இருக்கிறது. சட்டப் பொறுப்பு யாருடையது என்ற வாதத்துக்கே போகாமல், பாலிசியில் எழுதியிருக்கும் தொகை இதில் கிடைக்கும்.

50 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கலாமா?

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது எல்லோரும் கடைசித் தொகையைத்தான் பார்க்கிறோம். ஜீரோ டெப், என்ஜின் பாதுகாப்பு என்று காருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள், 'பெய்டு டிரைவர்' கட்டத்தை டிக் செய்யாமல் தாண்டிவிடுகிறார்கள். பம்பருக்கு இருக்கும் பாதுகாப்பு, தினமும் நம் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவருக்கு இல்லை என்பது எந்த விதத்தில் நியாயம்? டிரைவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் கோர்ட்டுக்கு அலைவதும், மறுபக்கம் சம்பளக்காரர் ஒருவர் 13 லட்சத்துக்கு வழி தேடுவதும் ஒரு டீ, வடை செலவில் தவிர்க்கக்கூடிய விஷயங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

போனில் இருக்கும் பாலிசி பி.டி.எஃப்-ஐத் திறங்கள். பிரீமியம் பட்டியலில் மூன்றாம் நபர் பகுதிக்குக் கீழே 'பெய்டு டிரைவர்' சட்டப் பொறுப்பு, 'எம்ப்ளாயீஸ்' என்ற வரிகள் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், புதுப்பிக்கும் வரை காத்திருக்காமல் நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, எண்டார்ஸ்மென்ட் மூலம் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அப்படியே, டிரைவரின் லைசென்ஸ் எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.